கட்டுப்பாட்டுக்குள் ஒரு 'பாடு'!

வெள்ளிக்கிழமை காலை. வாசலில் மாக்கோலம். பூஜையறையில் குத்துவிளக்கு. சாம்பிராணி மணம் வீடு முழுக்கப் பரவியிருக்கிறது. ஸ்லோகங்களைச் சொல்லி முடித்து, கற்பூரம் காட்டி, கண்களில் ஒற்றிக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள். மனசு அப்படியே நிறைந்திருக்கிறது.

பத்தே நிமிடம்தான்! பள்ளிக்கூட வேன் வரும் நேரம். பிள்ளை ஒரு காலில் மட்டும் ஷூவை மாட்டிக்கொண்டு டி.வி. முன்னால் நிற்கிறான். மாமியார் உள்ளேயிருந்து 'காபி ஆறிப் போச்சு' என்கிறார். கணவரோ செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவ்வளவுதான்... சற்று முன் அம்பாளின் நாமத்தைச் சொன்ன அதே வாயிலிருந்து என்னென்னவோ வார்த்தைகள்!

வேன் போன பிறகு வீடு அமைதியாகிவிடும். அப்போதுதான் மனசு குத்தும். 'குழந்தையை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நாளையிலிருந்து கத்தவே மாட்டேன்' என்று சாமி படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்வீர்கள். மறுநாள் அதே நேரம், அதே ஷூ, அதே சத்தம்!

தவறு என்று தெரியாமல் செய்தால் பரவாயில்லை. நன்றாகத் தெரிந்த தவறை, நேற்று வருந்திய தவறை, இன்று மறுபடியும் ஏன் செய்கிறோம்? நம்முடைய பக்தியில் குறையா? அல்லது மனசைக் கட்டுப்படுத்துவது என்பது முனிவர்களுக்கு மட்டுமே வாய்த்த வரமா?

இந்தக் கேள்வியை அர்ஜுனனே கேட்டுவிட்டான். காற்றைப் பிடித்து நிறுத்துவது எப்படியோ அப்படித்தான் மனசைப் பிடித்து நிறுத்துவதும் என்று அவன் கண்ணனிடம் புலம்புவது பகவத்கீதையின் ஆறாவது அத்தியாயத்தில் வருகிறது. கண்ணன் அவனைக் கோபிக்கவில்லை. மனசை அடக்குவது கஷ்டம்தான் என்று ஒப்புக்கொள்கிறான். பிறகு பயிற்சி, பற்றின்மை என்று இரண்டு வழிகளைச் சொல்கிறான். கவனியுங்கள்... 'பயிற்சி' என்கிறான். அப்படியென்றால் அது பிறவியிலேயே வரும் குணம் இல்லை. சமையல் போல, கோலம் போல, பழகப் பழகக் கைக்கு வரும் வித்தை!

அந்த வித்தையின் ரகசியத்தை ஏடுகளில் மட்டும் தேட வேண்டியதில்லை. சென்னைக்குப் பக்கத்திலேயே, ஓர் ஏரிக்கரையில், மீன்பிடிக் குப்பங்களில் அது தலைமுறை தலைமுறையாகப் புழக்கத்தில் இருந்து வந்திருக்கிறது. வாருங்கள், பழவேற்காட்டுக்குப் போவோம்!

உப்பும் நன்னீரும் கலக்கும் இடம்

சென்னையிலிருந்து வடக்கே பொன்னேரி வழியாகச் சென்றால் சுமார் 60 கி.மீ. தூரத்தில் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்குப் பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஒரு பக்கம் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இன்னொரு பக்கம் முகத்துவாரம் வழியாக வங்கக் கடலின் உப்புநீர் உள்ளே வந்து போகிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ராக்கெட் புகழ் ஸ்ரீஹரிகோட்டா தீவு.

டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி வியாபாரம் செய்த ஊர் இது. அவர்களுடைய பழைய கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும், சமயேஸ்வரர் கோயிலும், மாதா கோயிலும், மசூதியும் இந்தச் சின்ன ஊரில் பக்கத்தில் பக்கத்தில் அமைந்திருக்கின்றன. குளிர்காலத்தில் வந்து இறங்கும் பூநாரைகளைப் பார்க்கப் பல ஊர்களிலிருந்தும் ஜனங்கள் வருவார்கள்.

நமக்கு இப்போது வேண்டியது பூநாரை அல்ல, இறால்! இந்த ஏரியில் ஆழம் குறைவு. பல இடங்களில் இடுப்பளவு நீர்தான். முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் இறால் அதிகம் கிடைக்கும். வேறு இடங்களில் அவ்வளவாகக் கிடைக்காது. நல்ல இடம் எது என்பது குப்பத்தில் பிறந்த சிறுபிள்ளைக்கும் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். நல்ல இடங்களோ சில. வலைகளோ நூற்றுக்கணக்கில். எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். 'முந்தியவனுக்கே இடம்' என்று விட்டால் என்ன ஆகும்? தினமும் அடிதடிதான். வலுத்தவன் பிடிப்பான், இளைத்தவன் வெறும் கையோடு திரும்புவான். போதாக்குறைக்கு, 'நாளைக்கு நமக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ' என்ற பயத்தில் குஞ்சு இறாலைக்கூட விட்டுவைக்காமல் அள்ளத் தோன்றும்.

முறை வரும்வரை...

இதற்கு அந்த மீனவர்கள் கண்ட தீர்வின் பெயர்தான் 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய குப்பங்களின் மீனவர்கள் வழிவழியாகப் பின்பற்றி வந்த முறை இது. கழிகளை நட்டு, சுத்து வலை கட்டி இறால் பிடிக்கும் இடங்களைப் பங்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துவிடுவார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும். இன்று சுமாரான இடத்தில் நின்றவருக்கு நாளை நல்ல இடம் கிடைக்கும். அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் சுற்றிச் சுற்றி வந்து எல்லோரையும் தொட்டுப் போகும்.

உங்கள் முறை இல்லாத நாளில், கண்ணெதிரே இறால் துள்ளினாலும் அங்கே கழி நடக் கூடாது. நட்டால் ஊர் கேட்கும். பல குப்பங்களில் ஊர்க்கூட்டம் கூடுவது அம்மன் கோயில் வாசலில்தான். அவள் முன்னிலையில் ஒப்புக்கொண்ட கட்டுப்பாட்டை மீறுவது அத்தனை சுலபமில்லை. நம் பழவேற்காட்டில் மட்டுமல்ல, கேரளத்தின் காயல்களிலும் இலங்கையின் நீர்கொழும்பிலும்கூட இதேபோல் முறை வைத்து வலை கட்டும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது.

'கட்டுப்பாடு' என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! அந்தச் சொல்லுக்குள்ளேயே 'பாடு' ஒளிந்திருப்பதைக் கவனித்திருக்கிறோமா? பாடு என்றால் துன்பம் என்று ஒரு பொருள். 'பெரும் பாடாய்ப் போச்சு' என்கிறோமே, அது. கரையோர மக்களின் பேச்சில் பாடு என்றால் முறை, பங்கு. மனசைக் கட்டுப்படுத்துவதைத் துன்பம் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் அது பெரும் பாடு. முறை என்று புரிந்துகொண்டவர்களுக்கு அது ஓர் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

முதல் பாடம்... மீனவப் பெரியவர்கள் மனுஷ மனசை நன்றாக எடைபோட்டு வைத்திருக்கிறார்கள். இறாலைக் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு 'இது என் முறையா, அடுத்தவன் முறையா' என்று யோசிக்கச் சொன்னால் நல்லவனும் தடுமாறுவான். எனவே அந்த முடிவை, இறாலே கண்ணில் படாத நேரத்தில், எல்லோரும் கரையில் நிதானமாக உட்கார்ந்திருக்கும்போதே எடுத்துவிடுகிறார்கள். படகில் ஏறிய பிறகு யோசிக்க வேண்டிய வேலையே இல்லை.

நாம் என்ன செய்கிறோம்? கோபம் உச்சந்தலைக்கு ஏறிய பிறகு, அந்த விநாடியில், 'கோபப்படலாமா, வேண்டாமா' என்று மனசைக் கேட்கிறோம். அது என்ன பதில் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும்!

இரண்டாவது பாடம்... ஒருவன் இன்று கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறான் என்றால், அவனுடைய முறை நிச்சயமாக வரும் என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கை போய்விட்டால் எந்தக் கட்டுப்பாடும் நிற்காது. இந்தப் பாடத்துக்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம். இல்லத்தரசிகளான நமக்கு இதில் ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது.

சங்கல்பத்தின் சூட்சுமம்

முன்கூட்டியே முடிவெடுப்பது என்றதும் உங்களுக்கு எதுவும் நினைவுக்கு வருகிறதா? கோயிலில் அர்ச்சனை செய்யும்போதும், வீட்டில் விரத பூஜை செய்யும்போதும் முதலில் என்ன செய்கிறோம்? சங்கல்பம்!

'நான் நல்லபடியாகப் பூஜை செய்யப் போகிறேன்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி சங்கல்பத்தை முடித்துவிடுவதில்லை. எந்த தேசம், எந்த வருஷம், எந்த மாதம், என்ன திதி, என்ன கிழமை, என்ன நட்சத்திரம், எதற்காக இந்தப் பூஜை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். இடம், நேரம், காரியம் மூன்றும் அதில் துல்லியமாக இருக்கும்.

பீட்டர் கோல்விட்சர் என்ற மனவியல் அறிஞர் 1999-ல் எழுதிய ஒரு கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 'இனி ஒழுங்காக இருப்பேன்' என்று நினைப்பவர்களைவிட, 'இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இன்ன நிலைமை வந்தால், நான் இப்படிச் செய்வேன்' என்று முன்பே குறித்துவைப்பவர்கள் தங்கள் முடிவை அதிகமாக நிறைவேற்றுகிறார்கள் என்பது அவர் ஆராய்ச்சியின் சாரம். நம்முடைய சங்கல்பத்தின் அமைப்பும் கிட்டத்தட்ட இதுதானே!

'நாளையிலிருந்து கத்தவே மாட்டேன்' என்று சாமி படத்தின் முன் சொன்னோமே, அது சங்கல்பம் இல்லை, வெறும் ஆசை. 'காலை ஏழேகால் மணிக்கு, பிள்ளை ஷூ போடாமல் நின்றால், நான் டி.வி.யை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்காருவேன். அதன் பிறகுதான் வாயைத் திறப்பேன்' என்பதுதான் சங்கல்பம். எத்தனை சின்ன விஷயம் பாருங்கள்! ஆனால் சொல்லும்போதே காட்சி கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நேரம் வரும்போது மனசு புதிதாக யோசிக்க வேண்டியதில்லை.

விரதங்களும் இப்படித்தான். ஏகாதசிக்குப் பசிக்காமலா இருக்கும்? சபரிமலைக்கு மாலை போட்ட ஒரு மண்டல காலம் ஆசையே வராமலா போகும்? பசியும் ஆசையும் வரும். ஆனால் 'இந்த நாளில் இது கிடையாது' என்பது முன்பே முடிவாகிவிட்டது. அதனால் நாள் முழுக்க மனசோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமில்லை.

சொல்லப்போனால் கடலுக்குக்கூட இப்படி ஓர் ஓய்வுக் காலம் உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால், நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017 முதல் இந்தக் கணக்கு. அதற்கு முன் 45 நாட்களாக இருந்தது. இது அரசு போட்ட சட்டம்தான், விரதம் இல்லை. என்றாலும் 'போகலாமா, வேண்டாமா' என்பதைத் தினமும் காலையில் மனசிடம் விடாமல், காலண்டரிடம் ஒப்படைத்துவிடுவதில் இரண்டும் ஒன்றுதான்!

ஒரு நிமிடம் நின்றிருந்தால்...

எல்லாத் தவறுகளையும் முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா? முடியாது. திடீரென்று வருகிறவையும் உண்டு. அங்கேதான் இரண்டாவது வித்தை கைகொடுக்கும். அது, நிற்கக் கற்றுக்கொள்வது.

சிலப்பதிகாரத்துப் பாண்டிய மன்னனை நினைத்துப் பாருங்கள். அவன் கொடுங்கோலன் இல்லை. ஊடல் கொண்ட தேவியைச் சமாதானப்படுத்த அவசர அவசரமாக அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்துப் பொற்கொல்லன் வந்து, 'சிலம்பு திருடியவன் அகப்பட்டான்' என்கிறான். மனசு எங்கோ இருக்க, விசாரிக்காமலே உத்தரவு பிறக்கிறது. கோவலன் உயிர் போகிறது. கண்ணகி சபையில் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரல் தெறித்தபோது, அவன் தன் தவறை ஒரு விநாடிகூட மறுக்கவில்லை. தவறை ஒப்புக்கொள்ளும் நேர்மை அவனிடம் இருந்தது. உத்தரவு போடும் முன்பு ஒரு நிமிடம் நிற்கும் பழக்கம்தான் இல்லாமல் போயிற்று. அந்த ஒரு நிமிடத்துக்கு விலையாக அவன் உயிரும் தேவியின் உயிரும் மதுரையும் போயின.

விஞ்ஞானிகள் சொல்லும் ஒரு தகவல் வியப்பானது. நாம் ஒரு தவறைச் செய்த பத்தில் ஒரு விநாடிக்குள் மூளையின் முன்பகுதியில் ஒரு மின் அலை எழுகிறதாம். தவறான பொத்தானை அழுத்தியவர்களின் தலையில் கருவி பொருத்தி, 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இதைக் கண்டறிந்தார்கள். அதற்கும் முன்பே, 1966-ல், பேட்ரிக் ராபிட் என்ற ஆராய்ச்சியாளர் இன்னொன்றைக் கவனித்திருந்தார். ஒரு தவறு செய்தவுடன், அடுத்த வேலையில் மனிதர்கள் தாங்களாகவே சற்று வேகம் குறைகிறார்கள்!

ஆக, 'தப்பு பண்ணிட்டே' என்ற மணி உள்ளுக்குள் எல்லோருக்கும் அடிக்கிறது. ஆண்டவன் வைத்த மணி! நாம்தான் 'நான் என்ன சும்மாவா கத்தினேன், அவன் பண்ணினது சரியா' என்று உரக்கப் பேசி அந்த ஓசையை அமுக்கிவிடுகிறோம். மணி அடித்ததும் நின்றுவிட்டால், தொடங்கிய தவறைப் பாதியிலேயே திருத்தலாம்.

கொஞ்சம் பழகினால் மணி அடிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளவும் முடியும். பழவேற்காட்டைச் சுற்றி வாழும் இருளர் மக்களில் வலையே இல்லாமல் வெறும் கையால் இறால் பிடிப்பவர்கள் உண்டு. பெண்களும் அதில் தேர்ந்தவர்கள். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலையில்லை. சேற்றில் கையை மெதுவாக நகர்த்தி, விரல் நுனியில் படும் சின்ன அசைவை உணர வேண்டும். அவசரப்பட்டுத் துழாவினால் இறால் துள்ளி ஓடிவிடும். மனசுக்கும் இந்த விரல் நுனி வேண்டும். கோபம் வாயில் வருவதற்கு முன் உடம்பில் வந்துவிடுகிறது. பல்லைக் கடிக்கிறோம், மூச்சு மேலேறுகிறது, கையிலிருக்கும் பாத்திரம் வழக்கத்தைவிடச் சத்தமாக மேடையில் உட்காருகிறது! உங்களுக்கு எந்த அறிகுறி முதலில் வருகிறது என்று இந்த வாரம் கவனித்துப் பாருங்கள். அதைத் தெரிந்துகொண்டால் நிற்க வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

நின்ற பிறகு என்ன செய்வது? மனசை வேறு பக்கம் திருப்ப வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் வால்டர் மிஷல் என்பவர் 1960-களின் இறுதியில் ஒரு சோதனை தொடங்கினார். குழந்தையின் முன் ஒரு மிட்டாயை வைத்து, 'நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மிட்டாயையே வெறித்துப் பார்த்த குழந்தைகள் சீக்கிரம் தோற்றுப்போனார்கள். கண்ணைப் பொத்திக்கொண்ட, பாட்டுப் பாடிய, தனக்குத்தானே பேசிக்கொண்ட குழந்தைகள் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள்.

ஆசையோடு நேருக்கு நேர் மோதியவர்களைவிட, வேறு ஒன்றில் மனசை வைத்தவர்களே ஜெயித்தார்கள். நம் பாட்டிமார்கள் இதைத்தான் 'கோபம் வந்தா ராம நாமம் சொல்லு' என்று ஒரே வரியில் முடித்தார்கள். ஜபம் செய்யும்போது நாக்குக்கும் மனசுக்கும் ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. கெட்ட வார்த்தைக்கு அங்கே இடம் இருப்பதில்லை.

கிழிந்த வலையைத் தூக்கி எறிவதில்லை

இத்தனை செய்தும் தவறிவிட்டால்? தவறத்தான் செய்வோம். நம் பெரியவர்களுக்கு அது தெரியும். எந்தப் பூஜையாக இருந்தாலும் முடிவில் ஒரு மன்னிப்பு வேண்டல் இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? சொன்ன மந்திரத்தில், செய்த கிரியையில், வைத்த பக்தியில் குறை இருந்தால் பொறுத்துக்கொள் என்று கேட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறோம். 'இன்று குறையே இல்லை, மன்னிப்பு வேண்டாம்' என்று விட்டுவிடும் பூஜை ஒன்றுகூடக் கிடையாது! பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணமும் அப்படித்தான். போட்டுவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போவதில்லையே. சிரித்துக்கொண்டு, தேங்காய் மூடியை வாங்கிக்கொண்டுதானே போகிறோம்!

குப்பத்துக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். கரையில் வலையை விரித்துப்போட்டு, கண்ணி கண்ணியாகப் பார்த்து, அறுந்த இடத்தைப் பின்னிக்கொண்டிருப்பார்கள். கிழிந்ததே என்று யாரும் வலையைத் தூக்கி எறிவதில்லை. கிழிசலைப் பார்க்காமல் சுருட்டி வைப்பதுமில்லை. எங்கே அறுந்தது, எவ்வளவு அறுந்தது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் சரிசெய்கிறார்கள்.

'நான் ஒரு மோசமான அம்மா' என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வது, வலையைத் தூக்கி எறிவதற்குச் சமம். 'எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே' என்பது, கிழிசலோடு சுருட்டி வைப்பது. இரண்டாலும் தவறு திருந்தாது. 2012-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், கடினமான தேர்வு ஒன்றில் சரியாகச் செய்யாத மாணவர்களிடம், 'உங்கள்மீது நீங்களே கொஞ்சம் கருணை வையுங்கள். இது எல்லோருக்கும் நேர்வதுதான்' என்று எடுத்துச் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்களே அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்களாம். தன்மீது காட்டும் கருணை சோம்பலைத் தருவதில்லை. திருத்திக்கொள்ளத் தெம்பைத் தருகிறது!

திருக்குறளின் அமைப்பில்கூட ஓர் அழகு உண்டு. 'அடக்கமுடைமை'யை வள்ளுவர் துறவறவியலில் வைக்கவில்லை, இல்லறவியலில் வைத்தார். காட்டுக்குப் போனவர்களைவிட, கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது! தன் குற்றத்தைத் தானே களையும் 'குற்றங்கடிதல்' அதிகாரத்தையோ, பொருட்பாலில், அரசனுக்குரிய பகுதியில் வைத்தார். யாரும் தட்டிக் கேட்க முடியாத இடத்தில் இருப்பவன் தன்னைத் தானே திருத்திக்கொள்ள வேண்டும் அல்லவா? பிள்ளையின் முன்னால் நிற்கும் தாயும் தகப்பனும் ஒருவகையில் அப்படிப்பட்ட அரசர்கள்தான். 'அம்மா, நீ சொன்னது தப்பு' என்று சொல்லும் தைரியம் ஐந்து வயதுக் குழந்தைக்கு வராது.

அடக்கம் வேறு, அடங்கிப்போவது வேறு

இப்போது அந்த இரண்டாவது பாடத்துக்கு வருவோம்.

'மனசை அடக்கு, நாக்கை அடக்கு என்று எத்தனை காலத்துக்குப் பெண்களுக்கே சொல்வீர்கள்?' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. இதைத் தவிர்த்துவிட்டு மனக்கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவது அறமாகாது.

மிட்டாய்ச் சோதனைக்குப் பின்னாளில் ஒரு தொடர்ச்சி உண்டு. 2013-ல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதையே சற்று மாற்றிச் செய்தார்கள். சோதனைக்கு முன், சில குழந்தைகளிடம் 'நல்ல வண்ணப் பென்சில் கொண்டுவருகிறேன்' என்பதுபோல் வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றினார்கள். சில குழந்தைகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. பிறகு மிட்டாயை வைத்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட குழந்தைகள் மூன்று நிமிடம்தான்! அவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று சொல்ல முடியுமா? காத்திருந்தால் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் இல்லை.

பாடு முறையிலும் இதே உண்மை இருக்கிறது. முறை வரும் என்று தெரிந்தவன் பொறுப்பான். அந்த முறைக்குள் இடமே இல்லாதவர்கள்? ஆம், பாடு உரிமை எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. குறிப்பிட்ட சமூகத்தவருக்கே, அதிலும் ஆண்களுக்கே அது உரியதாக இருந்தது. ஏரியை நம்பி வாழும் மற்றவர்கள் 'எங்களுக்கும் பங்கு வேண்டும்' என்று கேட்டபோது பூசல்கள் எழுந்தன. ஒருவருக்கு முறையே கொடுக்காமல் 'பொறுமையாக இரு' என்று மட்டும் சொல்லும் கட்டுப்பாடு எத்தனை பழமையானதாக இருந்தாலும் குறையுள்ளதுதான்.

உங்கள் வீட்டிலும் பாருங்கள். காலையிலிருந்து எல்லோருக்கும் பரிமாறுகிறீர்கள். உங்கள் பேச்சுக்கு, உங்கள் ஓய்வுக்கு, உங்கள் உடம்பு வலிக்கு என்று ஒரு முறை வருகிறதா? வரவே வராது என்று மனசு முடிவு கட்டிவிட்டால், அது யாரிடமாவது வெடிக்கும். பெரும்பாலும் வீட்டிலேயே சின்னதாக, எதிர்த்துப் பேச முடியாததாக இருக்கும் உயிரிடம்! அப்படி வெடித்தது தவறுதான். அதைத் திருத்திக்கொள்ள வேண்டியது நாம்தான். ஆனால் உங்கள் முறையைக் கேட்டு வாங்குவதும் அந்தத் திருத்தத்தில் பாதி.

வார்த்தையைத் தேர்ந்தெடுத்து, நேரம் பார்த்து, குரலை உயர்த்தாமல், ஆனால் விடாமல் கேட்பதற்குப் பெயர் அடக்கம். கேட்காமலே விழுங்கி விழுங்கிக் கடைசியில் கசப்பாகி நிற்பது அடங்கிப்போவது. பழவேற்காட்டு மீனவர்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்துவிடவில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும்போதெல்லாம் ஏரிக்குள் கடல்நீர் வருவது நின்று, மீன்வளமும் படுத்துவிடும். அதை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வந்திருக்கிறார்கள். கண்ணகியும் புகாரில் பொறுத்தவள்தான். மதுரையில் நியாயம் கேட்டவளும் அவளேதான்!

இந்த வாரம் ஒரே ஒரு பாடு

படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாமல், இந்த வாரம் ஒன்றைச் செய்து பாருங்களேன்...

உங்களுடைய தவறுகளில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோபமோ, அடுத்த வீட்டு நகையோடு ஒப்பிடுவதோ, ஊர் வம்போ, காதில் விழுந்ததைச் சரிபார்க்காமல் நாலு பேருக்குச் செல்போனில் அனுப்புவதோ... ஏதாவது ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தக் கிளம்பாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பாடுதான்!

காலையில் விளக்கேற்றியதும், அந்தத் தவறு எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரிடம் நேர்கிறது என்று நினைத்துப் பாருங்கள். 'அப்போது நான் இதைச் செய்வேன்' என்று ஒரே ஒரு சிறு காரியத்தைச் சங்கல்பமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதாக இருக்கலாம். இஷ்ட தெய்வத்தின் நாமத்தை மூன்று தடவை சொல்வதாக இருக்கலாம்.

இரவு படுக்கப் போகும் முன் வலையை விரித்துப் பாருங்கள். அறுந்த இடம் எது? ஏன் அறுந்தது? பசியா, தூக்கம் போதவில்லையா, யாரோ செய்த அவமானமா? காரணத்தைப் பார்த்து, மறுநாளைய சங்கல்பத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். திட்டிக்கொள்ள வேண்டாம். குழந்தையிடம் தவறியிருந்தால், அது தூங்குவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து, 'அம்மா அப்படிச் சொன்னது தப்புடா கண்ணா' என்று சொல்லிவிடுங்கள். நாம் ஆண்டவனிடம் தினமும் கேட்கிற மன்னிப்புதானே? பிள்ளையிடம் கேட்டால் கௌரவம் குறைந்துவிடாது. தவறு செய்தவர் எப்படித் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை அந்தக் குழந்தை வேறு யாரிடம் கற்றுக்கொள்ளப் போகிறது?

ஏழு நாட்களில் ஏழு தடவையும் ஜெயிக்காமல் போகலாம். இரண்டு தடவை நின்றிருந்தால்கூடப் போதும். அந்த இரண்டு காலை வேளைகளில் உங்கள் பிள்ளை சிரித்த முகத்தோடு வேன் ஏறியிருப்பான். அடுத்த வாரம் அதை மூன்றாக்க அம்பாள் துணை இருப்பாள்!